பீளமேட்டு வீட்டில் ஹாரன் நின்றுபோனது

போன வாரம் சரவணம்பட்டி சிக்னலில் என் வண்டியின் ஹாரன் ஊமையாகிவிட்டது. எவ்வளவு அழுத்தியும் மூச்சே இல்லை. பட்டறையில் மெக்கானிக் முன்பக்கத்தைக் கழற்றி, இற்றுப்போயிருந்த ஒயரை ஒட்டுப்போட்டுக் கறுப்பு டேப்பைச் சுற்றினார். அந்த டேப்புக்கு ஒரு வாசனை உண்டு, கவனித்திருக்கிறீர்களா? வெயிலில் கிடந்த ரப்பர் செருப்பு மாதிரி. அது மூக்கில் ஏறியதும் எனக்குப் பழைய பீளமேட்டு வீடு நினைவுக்கு வந்தது. இத்தனை வருஷம் ஆகியும் அங்கே பட்ட அதிர்ச்சி உள்ளேதான் உட்கார்ந்திருக்கிறது.

அப்போது பீளமேட்டில் ஒரு பம்பு கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். கூட வேலை பார்த்த தனபாலும் நானும் ஒரு வீட்டு மாடியில் குடியிருந்தோம். கீழே வீட்டுக்காரர் வேலுச்சாமி அய்யாவும் அவர் மனைவி மயிலாத்தா அம்மாவும். பொள்ளாச்சிப் பக்கம் இருந்த தோப்பைக் குத்தகைக்கு விட்டுவிட்டு வந்தவர்கள். அய்யா அதிர்ந்து பேசமாட்டார். நாங்கள் மோட்டாரை நிறுத்த மறந்து தொட்டி நிரம்பி வழிந்தால்கூட, “தண்ணி கொஞ்சம் போற மாதிரி இருக்குதுங்க” என்று, தப்பு தன்மேல் என்பதுபோலச் சொல்வார். அவர்கள் கூடத்தில் மாலை போட்ட ஓர் இளைஞனின் படம் தொங்கியது. ஒரே பையன் என்று மட்டும் தெரியும். எப்படிப் போனான் என்று நாங்கள் கேட்டதில்லை, அவர்களும் சொன்னதில்லை.

வண்டி தனபாலுடையது. நான் பின்சீட்டு ஜமீன்தார். சாயங்காலம் கம்பெனி விட்டு வந்ததும் கேட்டுக்கு வெளியே நின்று ‘பீப் பீப்’ என்று அடிப்பான். நான் இறங்குவதற்குள் மயிலாத்தா அம்மா ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி வந்து கேட்டைத் திறந்துவிடுவார். எந்த வீட்டுக்காரம்மா குடியிருப்பவர்களுக்குக் கேட்டைத் திறந்துவிடுவார்? நம் முகராசிதான் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் காலையில் ஹாரன் அடிக்கவில்லை. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டோம். அவிநாசி ரோட்டில் ஏறியதும் பக்கத்துச் சந்திலிருந்து ஒரு வேன் பின்பக்கமாகவே வந்தது. தனபால் கட்டைவிரலால் பட்டனைக் குத்து குத்தென்று குத்துகிறான், சத்தமே வரவில்லை. வேனின் பம்பர் என் முழங்காலை உரசியது. வண்டி சரிந்து இரண்டு பேரும் ரோட்டில் கிடந்தோம். பின்னால் வந்த பஸ்சின் டயர் எங்களுக்கு வெகு அருகில் வந்து நின்றது. நான் எழுந்து செருப்பைத் தேடினேன். தனபால் எழுந்திருக்கவே இல்லை, உட்கார்ந்த இடத்திலேயே அந்த டயரைப் பார்த்துக்கொண்டிருந்தான். சிராய்ப்பைத் தவிர வேறு ஒன்றுமில்லை. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் ஞாயிறு. போர்டிகோவில் வண்டியை நிறுத்தி வேலையை ஆரம்பித்தோம். நான் எலக்ட்ரிக்கல், அவன் மெக்கானிக்கல். இரண்டு பட்டங்களும் ஒரு ஹாரனுக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தன. இண்டிகேட்டர் எரிந்தது, ஆகவே பேட்டரி நன்றாக இருக்கிறது. பட்டனைப் பிரித்து உள்ளே உப்புத்தாள் போட்டுத் தேய்த்தோம். பயனில்லை. கடைசியில் ஹாரனையே கழற்றி பேட்டரியில் நேராகக் கொடுத்துப் பார்த்தேன். ‘பீப் பீப்’ என்று கணீரென்று அலறியது.

அடுக்களையிலிருந்து மயிலாத்தா அம்மா வந்தார். எங்களைத் தாண்டி, பிரித்துப்போட்ட வண்டியையும் தாண்டிப் போய், கேட்டைத் திறந்து ரோட்டைப் பார்த்தார். ரோட்டில் ஆளே இல்லை. கொஞ்சம் நின்றுவிட்டுத் திரும்பி உள்ளே போனார். ஹாரனைக் கையில் பிடித்தபடி அப்படியே இருந்தேன்.

தனபால் அதற்குள் பெட்ரோல் டேங்கைத் தூக்கி ஒயரைத் தொடர்ந்து போயிருந்தான். “இங்க பாரு” என்றான். டேங்குக்கு அடியில் ஹாரன் ஒயர் வெட்டப்பட்டிருந்தது. இரண்டு முனையிலும் அழகாகக் கறுப்பு டேப் சுற்றி உள்ளே செருகியிருந்தது. எலியென்றால் டேப் சுற்றிவிட்டுப் போகாது.

நிமிர்ந்தால் வாசலில் வேலுச்சாமி அய்யா.

“நாந்தானுங்க தம்பி வெட்டுனேன்” என்றார்.

தனபாலுக்கு முகம் சிவந்துவிட்டது. “ஏனுங்கய்யா, நேத்து ரோட்டுல நாங்க செத்திருப்போமுங்க” என்று முழங்கையைக் காட்டினான்.

அய்யா அந்தக் காயத்தைப் பார்த்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். அவர் பையனும் இப்படித்தான் கேட்டுக்கு வந்து ஹாரன் அடிப்பானாம். கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் வண்டியில் போகும்போதுதான் லாரியில் அடிபட்டுப் போயிருக்கிறான். நாங்கள் குடிவந்த பிறகு சாயங்காலம் ஆனால் அம்மா எழுந்து ஓடுவதை அவரால் பார்க்க முடியவில்லை. எங்களிடம் கேட்கலாமென்றால், காரணம் சொல்ல வேண்டும். சொன்னால் அம்மா காதில் விழுந்துவிடும்.

“ரோட்டுல போறத நெனைக்கவே இல்லீங்க தம்பி. இந்தக் கேட்டு மட்டுந்தான் நெனப்புல இருந்துச்சு” என்றார். பையனை ரோட்டில் பறிகொடுத்த மனுஷன். அவர் சொன்னதைக் கேட்டதும் தனபாலின் கோபம் போன இடம் தெரியவில்லை. ஒயரைச் சேர்த்து முறுக்கினான். இனி இந்த வீதியில் ஹாரன் அடிக்கமாட்டோம் என்று சொன்னான்.

அதற்குப் பிறகு நானே இறங்கிக் கேட்டைத் திறந்தேன். சில நாள் கழித்து, துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மயிலாத்தா அம்மா என்னைக் கூப்பிட்டார். ஹாரன் இன்னும் சரியாகவில்லையா என்று கேட்டார். இல்லை என்று பொய் சொன்னேன்.

“அவரு சொன்னதெல்லாம் சன்னல்ல நின்னு கேட்டுட்டுத்தான் இருந்தேன் கண்ணு. எம்பையன் போயிட்டான்னு எனக்குத் தெரியாதா? சத்தங் கேட்டா காலு தானா எந்திரிச்சுப் போயிருது. போயிப் பாத்தா நீங்க நிப்பீங்க. பரவால்ல, ஆரோ பெத்த புள்ளைக பத்தரமா ஊடு வந்து சேந்துருச்சுன்னு இருக்கும். அதையும் நிறுத்திப்போட்டீங்க.”

ஒரு வாரமாக நாங்கள் அந்த அம்மாவுக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தோம்.

தனபாலிடம் சொன்னேன். அன்று சாயங்காலம் கேட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, மூச்சை இழுத்துக்கொண்டு, அடித்தான். அம்மா வந்தார். பின்னாலேயே அய்யாவும் வந்தார். எங்களைப் பார்க்காமல், கேட்டில் எப்போதும் சாத்தியே கிடக்கிற இன்னொரு கதவின் கொண்டியைத் தூக்கித் திறந்துவிட்டார். நாங்கள் இருந்தவரைக்கும் தினமும் அப்படித்தான், அவர் ஒரு கதவு, அம்மா ஒரு கதவு.

எனக்குக் கல்யாணமாகி வேறு வீடு பார்த்தேன். தனபால் துபாய்க்குப் போனான். அய்யா இறந்த செய்தி தெரிந்து போய் வந்தேன். அம்மா போனது தெரியவில்லை. ஒருநாள் உழவர் சந்தையில் பழைய பக்கத்து வீட்டுக்காரர் பேச்சோடு பேச்சாகச் சொன்னபோது, கையில் இருந்த தக்காளியை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன். அந்த வீடு இருந்த இடத்தில் இன்று பெண்கள் விடுதி நிற்கிறது.

நான் இப்போது இருப்பது அடுக்குமாடியில் ஒன்பதாவது தளம். வண்டி அடித்தளத்துக்குப் போய்விடும், நான் லிஃப்டில் ஏறி வந்து பெல் அடிக்க வேண்டும். மனைவியும் மகளும் என்மேல் உயிராகத்தான் இருக்கிறார்கள். ஆனால் நான் வீடு வந்து சேர்ந்ததைச் சொல்லும் ஹாரன் சத்தம் அவர்கள் காதில் ஒருநாளும் விழுந்ததில்லை.