மஞ்சளாகத் தெரிந்த வயல்

சாட்டிலைட் எடுக்கும் படத்தைப் பார்த்து, எந்த ஊரில் நெல் விளையும், எந்த ஊரில் சோற்றுக்குத் தட்டுப்பாடு வரும் என்று முன்கூட்டியே சொல்வது என் வேலை. ஏசி அறையில் செய்யும் சொகுசு வேலை என்று நினைப்பவர்கள், என்னோடு ஒருநாள் கம்பம் பள்ளத்தாக்கு வரப்புகளில் வழுக்கி விழுந்து பார்க்கலாம். கம்ப்யூட்டர் சொல்வதை ஊருக்கும், ஊர் சொல்வதை ஆபீஸுக்கும் புரியவைக்க முடியாமல் விழிக்கிறவர்களுக்கு என் கஷ்டம் சொல்லாமலே விளங்கும்.

மூன்று பேருக்கு ஒரு கட்டம்

மலையிலிருந்து லோயர் கேம்ப்பில் இறங்கும் அணைத் தண்ணீர் வாய்க்கால் வழியாகக் கடைசியாக எட்டிப்பார்க்கும் ஊர் அது. அங்கே விவசாயிகளோடு நடந்த முதல் கூட்டத்தில் படத்தைத் திரையில் போட்டதும், நான் பேசியதை விட்டுவிட்டு ஆளாளுக்குத் தங்கள் வயலைத் தேடினார்கள். ராசாங்கம் என்ற விவசாயி திரையில் மூக்கு முட்டும் அளவுக்கு வந்து நின்றார். பெரிதாக்கிக் காட்டினேன். படம் கட்டம் கட்டமாக உடைந்ததே தவிர, வரப்பு தெரியவில்லை. அவருக்கும் அவருடைய இரண்டு அண்ணன்களுக்கும் சேர்த்து ஒரே கட்டம். "என்னம்மா இது, வருசக்கணக்கா பேச்சுவார்த்தை இல்லாதவுகள ஒரே கட்டத்துல உக்கார வச்சுட்டீக!" என்றார்.

பழுத்ததா, கருகியதா?

அந்த ஊர் மகளிர் குழுத் தலைவி செல்லத்தாயி அக்கா. வாரந்தோறும் வீடு வீடாகப் போய், வயலில் பயிர் எப்படி, பானையில் அரிசி எவ்வளவு என்று விசாரித்து வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புவார். மழையோ வெயிலோ, ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. அவரை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கும்.

ஒருநாள் படத்தில் அந்த ஊர் வயல்கள் மஞ்சளாயின. கம்ப்யூட்டர் 'அறுவடைக்குத் தயார்' என்று எழுதிவிட்டது. அதே நாள் அக்காவின் குரல் வந்தது. "பழுக்கல தாயி, கருகுது. பால் புடிக்கிற நேரத்துல தண்ணி நின்னுபோச்சு. இந்தப் போகம் போச்சுன்னா இங்கன முக்காவாசி வீட்டுல அடுப்பு எரியாது."

மடையை அடைத்தவர்கள்

உடனே வாய்க்காலை ஒட்டிப் படத்தை மேலே மேலே தேடினேன். மேலே இருக்கும் பக்கத்து ஊரை எட்டுவதற்குச் சற்று முன் ஒரு தரிசு நிலம் கறுப்பாகக் கிடந்தது. படத்தில் கறுப்பு என்றால் தண்ணீர். வாய்க்கால் கரை உடைந்து அங்கே தேங்கியிருந்தது. அக்காவும் நானும் அந்தப் பக்கத்து ஊருக்கு ஓடினோம். அங்கே தண்ணீர் முறையைக் கவனிக்கும் சிவனாண்டி அய்யா, நான் காட்டிய படத்தில் தங்கள் வயலின் பச்சையையும் கீழே இருந்த மஞ்சளையும் மாறி மாறிப் பார்த்தார். கரையை அடைக்க ஆட்களை அனுப்பினார். அதோடு நிற்காமல், தண்ணீர் முழுதும் கீழே போகட்டும் என்று தங்கள் ஊர் மடைகளையும் மூடச் சொன்னார். "எங்க பயிரு ரெண்டு நாளு தாங்கும் தாயி. அவுகளுது தாங்காது" என்றார்.

மறுபடியும் மஞ்சள்

கொஞ்ச நாள் கழித்து வயல்கள் திரும்பவும் மஞ்சளாயின. பதறிப்போய் அக்காவுக்கு போன் போட்டேன். அவர் சிரித்தார். "இது பழுத்ததுதான். நம்பலேன்னா புதுநெல்லுச் சோறு திங்க வாங்க."

களத்துக்குப் போய்ச் சரிபார்த்தீர்களா என்று ஆபீஸில் கேட்டார்கள். ஆமாம் என்றேன். அக்கா வீட்டில் இரண்டாம் முறையும் சோறு கேட்டு வாங்கிச் சரிபார்த்ததை மட்டும் நான் ரிப்போர்ட்டில் எழுதவில்லை.