பெயர் சொல்லிக் கடித்தவர்

வெள்ளவத்தையில் ஒரு பல் கிளினிக்கில்தான் அந்தப் பெண்ணைச் சந்தித்தேன். முப்பது வயதிருக்கும். மடிப்புக் கலையாமல் உடுத்த பருத்திச் சேலை. வாயில் ஒரு சிறு ரப்பர் துண்டை வைத்துக் கடித்துக்கொண்டே இருந்தார்.

என் பதினைந்து வயது மகள், கம்பி போடவே மாட்டேன் என்று கதவருகில் நின்றாள். வேறு வழி உண்டா என்று கேட்கத்தான் அவளை இழுத்து வந்திருந்தேன்.

"கம்பி வேண்டாமெண்டால் இது இருக்கு, தங்கச்சி." அவர் உதட்டை விலக்கிக் காட்டினார். பற்களின் மேல் கண்ணாடிபோல ஓர் உறை. "சாப்பிடேக்க கழட்டலாம். புது உறை மாட்டினால் நல்லா இறுகிறதுக்கு இந்த ரப்பரைக் கடிக்கோணும். நான் ஒரு ஆளின்ர பேரைச் சொல்லிச் சொல்லிக் கடிக்கிறனான்."

"ஆற்ற பேர்?" என்றாள் மகள்.

"என்னைப் பொம்பிளை பார்க்க வந்தவர். பல்லைச் சரியாக்கிப்போட்டுச் சொல்லி அனுப்புங்கோ எண்டவர். இப்ப அவருக்கு வேற இடத்தில கலியாணம். எங்களுக்கும் கார்ட் வந்திருக்கு. முன்வரிசையில இருந்து சிரிக்கப்போறன்."

மகள் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "எனக்கு சயன்ஸ் டியூஷன் படிப்பிக்கிற சேரின்ர பேர். எல்லாருக்கும் முன்னால முயல் எண்டுதான் கூப்பிடுறவர். கம்பியோட போனால் இன்னும் சொல்லுவார்."

எனக்கே அது அன்றுதான் தெரியும்.

"அப்ப நல்லாக் கடி, செல்லம்."

மகள் தானே உள்ளே போய் டொக்டரிடம் உறை கேட்டாள். பழிவாங்குவது பிழை என்று தாயாகிய நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்தப் பெண்ணின் பெயரையும் கேட்கவில்லை. அந்தக் கலியாணத்தில் அவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்திருக்க வேண்டும் என்று இன்றும் விரும்புகிறேன்.