கிணற்றுத் திரை

கட்டுக்கதை என்று சிரிப்பவர்கள், 1971இல் காலடிப்பேட்டையில் இருந்த யாரையாவது கேட்டுக்கொள்ளட்டும். ரகுபதி பொய் சொல்கிற ஆளில்லை. ஆனால் சரியான சந்தேகப் பிராணி. எல்லாம் அதில்தான் கெட்டது.

நாடகக் கம்பெனிகளுக்குத் திரை வரைவது அவன் தொழில். அந்த முறை, பஞ்சத்தில் பெற்ற பிள்ளைகளைக் கிணற்றில் தள்ளிய தாயின் பழங்கதை. பதுருன்னிசாவின் கொட்டகையை வாடகைக்குப் பிடித்து, துணியைச் சுவர் நீளத்துக்குக் கட்டி, வஜ்ஜிரப் பசை காய்ச்சி வர்ணம் கலந்தான். கிணறும் தண்ணீரும் கூட்டாளி மஜீது வரைவான். முகங்கள் ரகுபதியின் வேலை. மனைவி ஆலைக்குப் போய்விடுவதால் ஆறு வயது கனகாவும் அங்கேதான் விளையாடுவாள். ஒரே மகள். அவள் புருவத்தில் ஒரு தையல் தழும்பு. அதைத் தடவிப் பார்க்காமல் அவனுக்குப் பொழுது போகாது.

ஒரு நாள் காலை, கிணற்றுத் தண்ணீருக்குள் ஒரு சிறுமியின் முகம் இருந்தது.

"இன்னா மஜீது, இது உன் வேலையா?"

"மூஞ்சி போடறது நீ. என்னிய கேக்கறியே மாமு."

ரகுபதி நம்பவில்லை. முகத்தின் மேல் நீலம் பூசி மறைத்தான். கொட்டகைச் சாவியைத் தன் இடுப்பில் முடிந்துகொண்டான்.

மறுநாள் பூட்டு பூட்டியபடியே இருந்தது. ஆனால் முகம் இன்னும் மேலே வந்திருந்தது. ஒரு கை கிணற்று விளிம்பைப் பிடித்திருந்தது. இடது கை. நேற்றுப் பூசிய நீலம் அவன் விரலில் ஒட்டியது... முகம் மட்டும் பழைய வர்ணம்போல் காய்ந்திருந்தது.

"அந்தப் பாப்பா தூக்கிவுடச் சொல்லுது நைனா," என்றாள் கனகா.

பிள்ளைக்கு இதையும் மஜீதுதான் சொல்லிக்கொடுத்திருப்பான் என்று ரகுபதி நினைத்தான். சண்டை அவள் காதில் விழவேண்டாமென்று, அவனை வெளியே இழுத்துப் போனான்.

ஆலையில் இரண்டு மணிச் சங்கு ஊதியது.

கொட்டகைக்குள்... களக்.

ஓடினான்.

கனகா திரைக்கு முன்னால் நின்றாள். தலை நனைந்து, முடி புருவம்வரை ஒட்டியிருந்தது.

கிணற்றில் முகம் இல்லை.

அப்பாடா என்று மகளை வாரிக்கொண்டான். உடம்பு சில்லென்றிருந்தது. அன்றே திரையைச் சுருட்டிக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டான். சாயங்காலம் சோறு போட்டதும் கனகா இடது கையால் அள்ளினாள்.

சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது பதுருன்னிசா சொன்னாள்.

"அங்க முன்ன கெணறு இருந்துச்சு தம்பி. எம் பொண்ணு வுழுந்துட்டா. உடம்பு கெடைக்கல... மூடிட்டோம். எடது கையால துன்றாளேன்னு நாந்தான் அடிச்சு வெரட்டினேன்."

ரகுபதி கம்பெனிக்கு ஓடித் திரையை விரித்தான்.

கிணற்றின் அடியில் ஒரு முகம். சின்னதாய். புருவத்தில் தையல் தழும்பு.

தொட்டான். துணிதான்... ஈரமாய்.

வீட்டில் இருந்தவளின் நெற்றி முடியை ஒதுக்கிப் பார்க்க, கடைசிவரை அவனுக்குத் தைரியம் வரவில்லை.