வெள்ளிக்கிழமைக் கருவாடு

ரொறன்ரோவில் எங்கள் மாடி நடைவழியில் சோமாலியரின் ஏலக்காய்த் தேநீரும் குஜராத்தியரின் பெருங்காயமும் ஒருங்கே மணக்கும். இன்று அடுத்த வீட்டுப் பிலிப்பைன்ஸ் பெண்மணி கருவாடு பொரித்தார். மறுபடி இந்த மணம் வந்தால் வீட்டை விட்டு வெளியேற வேண்டும் என்று அவரை முன்பே எச்சரித்திருந்த கட்டட மேலாளர், என் கதவைத் தட்டி, "எந்த வீடு?" என்றார்.

இதே கேள்வியை என் சிறுவயதில், யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறையில் என் தந்தையாரிடமும் ஒருவர் கேட்டார். வெள்ளிக்கிழமை எங்களுக்குச் சைவ விரதம். இறைச்சி விலக்கும் கத்தோலிக்க அயலவருக்கோ கருவாட்டு நாள். வந்திருந்த உறவினர் மூக்கைப் பொத்தினார்.

"என்ன அண்ணை, இந்த மணத்துக்குள்ள எப்பிடி இருக்கிறியள்? ஆரின்ரை வீடு?"

வேலிக்கப்பால் கருவாடு பொரித்துக்கொண்டிருந்த திரேசா அக்காவின் அகப்பைச் சத்தம் நின்றது.

"எங்கட குசினிதான் மணக்குது. இருந்து சாப்பிட்டிட்டுப் போமன்," என்றார் தந்தையார்.

வேலிக்கப்பால் அடக்கமாட்டாத சிரிப்பொலி கேட்டது.

இன்றும் வெள்ளிக்கிழமை. நெற்றியில் திருநீற்றுடன் நிமிர்ந்து நின்று மேலாளரிடம் சொன்னேன்:

"எங்கள் வீடுதான்."