விதைக்கு விட்ட மூன்று பூக்கள்

எங்கள் அத்தை வளர்க்கும் செடியைப் பார்க்கவே சூரியன் தினமும் கால் மணி நேரம் முன்னதாகக் கிளம்பி வருகிறது. தையல்காரியான அத்தை, மொட்டைமாடியில் பழைய பெயிண்ட் வாளியில் நீலப்பூ மூலிகை ஒன்றை வளர்க்கிறார். போன வருடக் காய்ச்சலில் மரத்துப்போன அவர் நாக்குக்கு இப்போது எட்டும் ஒரே ருசி, அந்தப் பூவின் வெள்ளரிக்காய் ருசிதான். ஒரே பருவத்தில் பட்டுப்போகும் செடி என்பதால், கடைசி மூன்று பூக்களை விதைக்கென்று விட்டு, சிவப்பு நூல் கட்டியிருந்தார்.

நான் விளையாட்டாக மூன்றையும் மென்றுவிட்டு, "அணில் தின்னுடுச்சு, அத்தை" என்றேன்.

வெறும் காம்புகளைத் தடவிப் பார்த்தாரே தவிர, திட்டவில்லை. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான்காம் நாளும் நான் தண்ணீரோடு மாடிப்படி ஏறும்போது, அத்தை தையல் மெஷினை நிறுத்தினார்.

"அணில் தின்னதுக்கு நீ ஏன்டா யாரும் சொல்லாமலே தினம் தண்ணி ஊத்துற?"