மஞ்சள் வைத்த டெண்டர் கவர்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். எட்டாவதோடு படிப்பை விட்டவன், எழுத வராது என்பது ஒரு காரணம். இன்னொன்று, எங்கள் பக்கம் இந்தக் கதையை அம்மன் செய்த அற்புதம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அப்படியில்லை என்று நானே சொன்னால், அவள்மேல் பக்தி இல்லாதவன் என்று ஆகிவிடுமோ என்ற பயம். வெள்ளிக்கிழமை தவறாமல் அவள் சன்னதியில் நிற்கிறவன் நான். போன மாதம் அங்கேயே நின்று மனசுக்குள் கேட்டுவிட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதுவதில் அவளுக்கு வருத்தம் இருக்காது என்று பட்டது.

எழுபதுகளின் கடைசி. திருமங்கலத்திலிருந்து டி. கல்லுப்பட்டி போகிற ரோட்டில் எனக்கு ஒரு வெல்டிங் பட்டறை இருந்தது. கேட்டு, ஜன்னல் கம்பி, கலப்பைக் கொழு. அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. விவசாயம் பண்ணுகிற சம்சாரிகள் கையில் ஒன்றுமில்லை, எனக்கும் வேலையில்லை. பட்டறையை நம்பி மூன்று குடும்பங்கள். ஆடி பிறப்பதற்குள் ஒரு பெரிய வேலை வராவிட்டால் பூட்டுப் போட வேண்டியதுதான்.

அந்த நேரத்தில்தான் ஒரு பஞ்சாயத்து யூனியன் ஆபீசில், பள்ளிக்கூடங்களுக்கு பெஞ்சு செய்து தர டெண்டர் கேட்டார்கள். நோட்டீசில் ஒரு வரி இருந்தது. மாவட்டத்துக்குள் பட்டறை வைத்திருப்பவருக்கு, விலை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் முன்னுரிமை. அதை நாலு தடவை படித்தேன். கடைசியில் பொடி எழுத்தில் இருந்ததை ஒரு தடவைகூடப் படிக்கவில்லை. அது என் தப்பு.

எங்கள் வீட்டில் நல்ல காரியத்துக்குப் போகிற காகிதம் எதுவும் மஞ்சள் வைக்காமல் வாசல் தாண்டாது. என் வீட்டுக்காரி குளித்துவிட்டு வந்து, மஞ்சளைக் குழைத்து, டெண்டர் கவரின் நாலு மூலையிலும் வைத்தாள். நான் அரக்கு வைத்து ஒட்டினேன். மாதிரிக்குக் கேட்டிருந்த ஒரு பெஞ்சையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன்.

டெண்டர் பெட்டியைத் திறந்த ஆபீசர் என் கவரைக் கையில் எடுத்ததும் நிறுத்திவிட்டார்.

“கவர்மேல எந்த அடையாளமும் இருக்கக் கூடாதுன்னு நோட்டீசு கடைசியில போட்டிருக்கே. யாருதுய்யா இது?”

“என்னோடதுதாங்கய்யா. அது அடையாளமில்ல, மஞ்சள்.”

அறையே சிரித்தது. வெளியூர்க் கம்பெனி ஒன்றின் ஆள், வெள்ளை பேண்ட் போட்டவர், “கல்யாணப் பத்திரிகைய பெட்டி மாத்திப் போட்டுட்டாரு போல. முகூர்த்தம் என்னைக்குண்ணே?” என்றார். இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.

என் கவரைப் பிரிக்காமலே ஒதுக்கிவிட்டார்கள். அடுத்து வெள்ளை பேண்ட்காரரின் கவர். ஆபீசர் சத்தமாக வாசித்தார். பட்டறை இருக்கிற இடம் என்று ஆரப்பாளையத்தில் ஒரு சந்து, கதவு எண்ணோடு, எங்கள் மாவட்டத்துக்குள்ளேயே. ஆகவே உள்ளூர் முன்னுரிமை அவர்களுக்கே.

“அந்தச் சந்துல எனக்குத் தெரிஞ்சு பட்டறை எதுவும் இல்லைங்களே” என்றேன்.

“தெரியலைன்னா போய்ப் பாத்துக்கங்க” என்றார் வெள்ளை பேண்ட்.

போய்ப் பார்த்தேன். அந்தக் கதவு எண்ணில் ஒரு லாட்ஜ் இருந்தது. மேனேஜர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “பட்டறையா? மாடியில அந்தக் கம்பெனிக்காரவுக எடுத்த ரூம் இருக்கு. உள்ள ஒரு சூட்கேஸ் இருக்கு. வேணும்னா அதுக்கு வெல்டிங் வச்சுக் குடுத்துட்டுப் போங்க.”

திரும்பி வந்தால் பட்டறையில் வெள்ளை பேண்ட் எனக்காகக் காத்திருந்தார். பேச்சு இப்போது வேறு மாதிரி இருந்தது. “அண்ணே, பெஞ்சு நீங்களே செய்ங்க. பேரு மட்டும் எங்க பேரு. ஆபீஸ் பக்கம் வராதீங்க, அம்புட்டுதான்.”

என் வெல்டர் என்னைத் தனியே கூப்பிட்டான். “யார் பேர்ல செஞ்சா என்னண்ணே. கம்பிக்குப் பேரு தெரியுமா? வீட்ல பிள்ளைக இருக்குண்ணே.”

அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் உள்ளூர்க்காரனுக்கென்று எழுதிய வரியை லாட்ஜில் ரூம் போட்டவன் எடுத்துக்கொண்டு, உள்ளூர்க்காரனான என்னை அவனிடமே கூலிக்கு வைத்தால், அந்த வரியை எதற்கு எழுதினார்கள்? முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அன்று வெல்டர் என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் வீட்டுக்குப் போனான்.

மறுநாள் ஆபீசரைப் பார்த்து லாட்ஜ் விவரத்தைச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. வம்பு வேண்டாம் என்று நினைக்கிறவர். “மஞ்சள் வச்சது தப்புன்னு ஒரு கடுதாசி எழுதிக் குடுங்க. அந்தக் கம்பெனி பேச்சை விட்ருங்க. அடுத்த டெண்டர்ல பாப்போம்.”

“தப்புன்னு இப்பவே எழுதித் தாரேன்யா. அந்தப் பேச்சை விட மாட்டேன். நீங்க ஒரு தடவை ஆரப்பாளையம் வந்து பாக்கணும்.”

“எனக்கு வேற வேலை இல்லையா?”

வெளியே வந்தேன். என் மாதிரி பெஞ்சு வராந்தாவில் கிடந்தது. அதில் உட்கார்ந்துவிட்டேன். அன்று மட்டுமில்லை. தினமும் காலையில் சாமி கும்பிட்டுவிட்டு, முதல் பஸ்ஸில் போய் அதிலேயே உட்கார்ந்தேன். வீட்டுக்காரியிடம், ஊர் சிரிக்கிறது என்றேன். “நான் வச்ச மஞ்சளுக்குச் சிரிக்கிறாக. லாட்ஜு ரூமுக்கு ஒருத்தரும் சிரிக்கலையே. நீங்க போங்க” என்றாள்.

வெல்டர் மூன்றாம் நாள் தூக்குவாளியில் சோறு எடுத்துக்கொண்டு வந்தான். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

மனுக் கொடுக்க வருகிறவர்களும் அந்தப் பெஞ்சில்தான் உட்கார்ந்தார்கள். ஒரு டீச்சரம்மா பலகையைத் தடவிப் பார்த்துவிட்டு, “இந்தப் பெஞ்சா எங்க ஸ்கூலுக்கு வருது?” என்று கேட்டார்.

“இல்லம்மா. உங்களுக்கு லாட்ஜு மாடியில செஞ்சது வரும்.”

இதையே வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னேன். மூன்று நாளில் ஊர் முழுக்க லாட்ஜு பெஞ்சு என்ற பேச்சாகிவிட்டது. ஆபீசர் காதுக்கும் போனது.

“எம்புட்டு நாள்யா உக்காருவீங்க?” என்றார் ஒருநாள் வாசலில் நின்று.

“பெஞ்சு தாங்குற வரைக்கும்யா. நான் செஞ்சது, ரொம்ப வருஷம் தாங்கும்.”

அவர் சிரிக்கவில்லை. உள்ளே போனார். ஒன்பதாம் நாள் ஜீப்பை எடுக்கச் சொல்லி, என்னையும் ஏறச் சொன்னார். ஆரப்பாளையத்தில் அவரே மாடிப்படி ஏறி அந்த ரூமைப் பார்த்தார். சூட்கேசும் போயிருந்தது. கீழே வந்து, “டெண்டரை ரத்து பண்றேன். மறுபடி போடுங்க. கவரைச் சுத்தமா கொண்டாங்க” என்றார்.

கவர்மேல் குறி இருந்தால் யாருடையது என்று தெரிந்து வேண்டியவருக்குச் சாதகம் செய்யலாம். அதைத் தடுக்கத்தான் அந்த விதி என்று பிறகு புரிந்தது. அது நல்ல விதி. இந்தத் தடவை வீட்டுக்காரி கவருக்குள் இருந்த காகிதத்தில் மஞ்சள் வைத்தாள். கவரின் வெளியே ஒரு புள்ளி இல்லை. இன்னொருவர் என்னைவிடச் சற்றுக் குறைத்துப் போட்டிருந்தார். அவர் வெளி மாவட்டம். ஆபீசர் முன்னுரிமை வரியை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்துவிட்டு வேலையை எனக்குக் கொடுத்தார். பட்டறைக்குப் பூட்டு விழவில்லை.

ஊரில் சொல்கிறார்கள், அம்மன் ஆபீசர் கனவில் வந்து மிரட்டினாள் என்று. அவள் எனக்குத் தந்தது உட்கார்ந்திருக்கத் தைரியம். ஜீப்பில் வந்தது மனுஷன். அவள் பார்த்துக்கொள்வாள் என்று நான் வீட்டிலேயே இருந்திருந்தால் அந்த முன்னுரிமை வரி நோட்டீசில் வெறும் எழுத்தாகவே இருந்திருக்கும்.

இதைப் படிக்கிறவர்கள், பட்டறை வைத்திருக்கிற நாலு பேருக்குச் சொல்லுங்கள். அப்போது கனவைச் சேர்க்காதீர்கள். பொடி எழுத்தைப் படிக்காமல் விட்ட என் தப்பை எனக்காக மறைக்காதீர்கள். ஒன்பது நாள் உட்கார்ந்ததை ஒரே நாளாகவும் ஆக்கிவிடாதீர்கள். கேட்கிறவன், அப்படியானால் நானும் போய் உட்காரலாம் என்று நினைக்க வேண்டும். அதற்காகத்தான் சொல்கிறேன்.