நகைக்கடையில் டியூப் லைட்

“கைய வைங்கக்கா, பயப்படாம வைங்க.” எரிகிற குண்டு பல்புக்குக் கீழே அந்த வீட்டு அம்மாவை உள்ளங்கையைக் காட்டச் சொல்கிறார் வயர்மேன் மரியராஜ். அந்த அம்மா வெடுக்கென்று கையை இழுத்துக்கொள்கிறார். “சுடுதுல்ல? நீங்க கட்டுற பில்லுல முக்காவாசி இந்தச் சூட்டுக்குத்தான் லா போவுது. இதுல தோசையா சுடப் போறீங்க?”

மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கைப் பட்டாணியில் வயர்மேன்கள் பலர் உண்டு. பல்பு மாட்டச் சொன்னால் மாட்டிவிட்டுப் போவார்கள். மரியராஜ் மட்டும் வாக்குவாதம் செய்வார். மின்கட்டணம் ஏறியதிலிருந்து அவருக்கு டியூப் லைட் பைத்தியம். நான்கடிக் குழல்களை அட்டை உறையோடு முதுகில் கட்டிக்கொண்டு ஹோண்டா பைக்கில் வருவார். நாற்பது வாட் குழல் நூறு வாட் பல்பைத் தோற்கடித்துவிடும் என்று சொல்லாமல் அவருக்குக் காப்பி இறங்காது. கழிப்பறைக்கு மட்டும் விதிவிலக்கு. “அங்க எவ்ளோ நேரம் உக்காரப் போறீங்க? சின்ன பல்பு போதும்.” என் வீட்டில் நான் பத்து நிமிடம் வாதாடித் தோற்றேன்.

கடைவீதியில் முதலில் மசிந்தவர் நகைக்கடை நடராஜா. அவரைப் பார்த்துத்தான் வரிசையாக ஒன்பது கடைகள் குழலுக்கு மாறின. வினையும் அங்கேதான் வந்தது. வெளிச்சம் பாலாய்க் கொட்டியது; ஆனால் அதில் தங்கம் வெளிறித் தெரிந்தது. வாங்க வந்தவர்களோ நகையைத் தூக்கிக்கொண்டு வெயிலுக்கு ஓடினார்கள். போன சனிக்கிழமை நான் கடையில் இருந்தபோது, மெர்போக் தோட்டத்துப் பிச்சையம்மாள் மகளுக்குப் பார்த்த தாலியைத் தட்டிலேயே திருப்பி வைத்துவிட்டார்.

“பித்தளை கணக்கா இருக்கே! இதையா எம் மவ கழுத்துல கட்டுறது?”

நடராஜாவுக்கு முகம் கறுத்துவிட்டது. பிச்சையம்மாளை உட்காரச் சொல்லிவிட்டு, ஆள் அனுப்பி மரியராஜை வரவழைத்தார். “எல்லாத்தையும் கழட்டிடு. பழைய பல்பே போதும்.”

இவர் கழற்றினால் மற்ற ஒன்பது கடைகளும் கழற்றும். அது மரியராஜுக்கு நன்றாகத் தெரியும். “லைட்டு மேல குத்தமில்லண்ணே” என்று முறுக்கிக்கொண்டவர், அதை நிரூபிக்கத் தம் கல்யாண மோதிரத்தையே கழற்றித் தட்டில் வைத்தார். பார்த்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

“ஐயையோ, என் சம்சாரம் பாத்துச்சுன்னா வீட்டுக்குள்ள விடாதே லா!”

கடையே சிரித்தது. இரண்டு வருடப் பிரசாரத்தை ஒரு மனிதர் இப்படிச் சிரித்துக்கொண்டே விட்டுக்கொடுப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அந்த நொடியில் அவரை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

அரை மணி நேரத்தில், நகைத் தட்டுக்கு நேர் மேலே ஒரே ஒரு குண்டு பல்பு தொங்கியது. அதற்குத் தனி சுவிட்ச். குழல்களில் அவர் கை வைக்கவில்லை.

தாலி தகதகத்தது. “இப்பத்தான்யா தங்கம்” என்று பிச்சையம்மாள் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நடராஜா கூரையை அண்ணாந்து பார்த்தார். “சரி, மத்ததெல்லாம் இருந்துட்டுப் போவட்டும்” என்று சொல்லிவிட்டு, தாலியை வாங்கிச் சிவப்புப் பெட்டிக்குள் வைத்தார்.

பெட்டி மூடியதுதான் தாமதம், மரியராஜ் எட்டி அந்தப் பல்பை அணைத்தார்.